மூன்று படியும் நயா பைசாவும்

1967 சட்டமன்றத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் ரூபாய்க்கு மூன்று படி அரிசி தருவதாகச் சொன்னது. மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று மேடைகளில் முழங்கிய அந்த வாக்குறுதி, அண்ணா முதல்வரான பிறகு சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி என்ற அளவில் நடைமுறைக்கு வந்தது. அரசியல் வரலாறு இதை அரிசித் தட்டுப்பாட்டோடும் ஆட்சி மாற்றத்தோடும் சேர்த்துப் பேசும். சொற்களின் வரலாற்றைப் பார்க்கிறவருக்கு இதில் வேறொரு வேடிக்கை தெரியும். அந்தத் தேர்தலுக்குச் சில ஆண்டுகள் முன்பே, அறுபதுகளின் தொடக்கத்திலேயே, படியைச் சட்டப்படி ஒழித்தாகிவிட்டது. 1956இல் நாடாளுமன்றம் இயற்றிய எடையளவைச் சட்டத்தின்படி 1958 முதல் கட்டங்கட்டமாகக் கிலோவும் லிட்டரும் கடைக்கு வந்தன. ஆனால் ஓட்டுக் கேட்டுப் போனவர்கள் கிலோவில் பேசவில்லை. கடையில் நிறுத்து வாங்கி வந்த அரிசியை வீட்டில் படியால் அளந்து பானையில் கொட்டிய பெண்களுக்கு, ரூபாய்க்கு இத்தனை கிலோ என்றால் அது எத்தனை நாளைக்குக் காணும் என்று உடனே பிடிபடாது. ரூபாய்க்கு மூன்று படி என்றால் சொல்லி முடிக்கும் முன்பே கணக்குப் போட்டு முடித்திருப்பார்கள்.

பழைய சொற்கள் போய்விட்டன என்று ஏங்குகிற பேச்சில் முதலில் வருபவை இந்த அளவுச் சொற்கள்தாம். வீசை, பலம், உழக்கு, மரக்கால், காலணா, தம்பிடி, நாழிகை என்று பெரியவர்கள் அடுக்குவார்கள். கடைசியில் ஒரு குற்றச்சாட்டும் வந்துவிடும்: ஆங்கிலம் வந்து தமிழை விழுங்கிவிட்டது. அளவைகளைப் பொறுத்தவரை இந்தக் குற்றச்சாட்டு நிற்காது. கிலோவும் லிட்டரும் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பிள்ளைகள். ஆங்கிலேயர்கள் தங்களுக்கு ராத்தல், அவுன்சு, காலன் என்று வைத்துக்கொண்டு, இங்கே படியையும் வீசையையும் பெரும்பாலும் அப்படியே விட்டுவைத்தார்கள். அவர்கள் ஆட்சியில் சாகாத படிக்குச் சாவோலை எழுதியது சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றம். நாம் ஏங்கும் பட்டியலில் இருப்பதும் எல்லாம் தமிழ் அல்ல. அணா வடக்கிலிருந்து வந்தது. ராத்தல் அரபுச் சொல். துட்டு டச்சுக்காரர்களின் ‘டொய்ட்’ என்ற செம்புக் காசிலிருந்து வந்தது என்பார்கள். சவரன் ஆங்கிலேயரின் தங்கக் காசு. ஆகவே இந்த ஏக்கத்தைத் தனித்தமிழ்க் கணக்கில் எழுத முடியாது.

அப்படியானால் ஒரு சொல் ஏன் போகிறது, பக்கத்துச் சொல் ஏன் நிற்கிறது? அணாவை எடுத்துக்கொண்டால் விடை ஓரளவு பிடிபடும்.

1957 ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முன்பு ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு நாலு காலணா, காலணாவுக்கு மூன்று தம்பிடி. ரூபாய்க்கு 192 தம்பிடி என்பது இன்று பைத்தியக்காரக் கணக்காகத் தெரியும். ஆனால் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்தவருக்கு அது இயல்பான கணக்கு. எண்சுவடியின் பின்னங்கள் பாதி பாதியாக இறங்கும்: அரை, கால், அரைக்கால், மாகாணி. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று; வீசம் என்றாலும் அதுவே. அணா என்பதோ ரூபாயில் மாகாணி. ஆக, பதினாறணா ரூபாய் புழங்கியவரை சந்தையே அந்தப் பின்னங்களை மனப்பாடம் செய்வித்துக்கொண்டிருந்தது. எண்சுவடியில் இன்னொரு வரிசையும் உண்டு: இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. இதன் பெரும் பகுதி நிலக் கணக்கோடு வாழ்ந்தது. இந்தச் சுவடிக் கணக்கு யாருக்காக, எந்த வேலைக்காகச் சொல்லிக் கொடுக்கப்பட்டது என்பதைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த த. செந்தில் பாபு விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நிலத்தை அளக்கவும் கூலி கணக்கிடவும் வரி தண்டவும் பழக்கிய கணக்கு அது. வாழ்க்கைக்கு வெளியே நின்ற பாடமாக இருந்ததே இல்லை.

ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று வந்ததும் அணா ஆறேகால் பைசாவாகிவிட்டது. ஆறேகாலுக்கு நாணயம் கிடையாது. மாற்று அட்டவணையில் ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19 நயா பைசா என்று முழுமைப்படுத்தினார்கள். நாலணாவுக்கு மட்டும் துல்லியமாக 25, எட்டணாவுக்கு 50. இதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். ஓரணா, மூன்றணா, ஐந்தணா என்ற பேச்செல்லாம் நின்றுபோயிற்று. நாலணாவும் எட்டணாவும் மட்டும் அணா என்ற நாணயமே பார்க்காத இரண்டு தலைமுறைகளின் வாயிலும் புழங்கின. நாலணாவின் மேல் யாருக்கும் தனிப் பாசம் இருந்ததாகத் தெரியவில்லை. அதற்குப் புது முறையிலும் ஒரு நாணயம் வாய்த்திருந்தது, அவ்வளவுதான். 2011 ஜூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் செல்லாது என்றானபோது நாலணாவுக்கு இருந்த அந்தப் பிடியும் போயிற்று. மஞ்சள் துணியில் ஒண்ணேகால் ரூபாய் முடிந்துவைத்து வேண்டிக்கொள்ளும் வழக்கத்துக்கும் அன்றோடு சில்லறைத் தட்டுப்பாடு. ஒற்றை ரூபாய், பதினொன்று, நூற்றொன்று என்று சாமிகளும் முழு எண்ணுக்கு மாறிக்கொண்டன.

முகத்தலளவைச் சொற்களின் கதை இவ்வளவு நேரானதல்ல. வாய்பாடு சொல்வது இது: 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். கலத்துக்கு 96 நாழி. நாழிக்கு 14,400 நெல்மணி. ஏட்டில் ஒழுங்கு, களத்தில் அப்படியில்லை. படியிலேயே சின்னப்படி, பெரியபடி, பட்டணம்படி என்று ஊருக்கு ஊர் மாறும். மதுரை மீனாட்சியம்மன் கோயில் முக்குறுணி விநாயகருக்குச் சதுர்த்தியன்று படைக்கும் பெரிய கொழுக்கட்டைக்கு 18 படி அரிசி. நாழியைப் படியென்று கொண்டால், வாய்பாட்டின்படி மூன்று குறுணிக்கு 24 படி வர வேண்டும். மதுரைக் குறுணிக்கு ஆறு படி என்பதுதான் கணக்கு. பிள்ளையாரின் பெயருக்குள்ளேயே ஓர் ஊரின் அளவு உறைந்து நிற்கிறது. வாய்பாட்டை வைத்து அவரைத் திருத்த முடியாது.

இந்த வரிசையில் எது எங்கே தங்கியது என்று பார்த்தால் வேலைதான் தீர்மானித்திருக்கிறது. செவிடு, பதக்கு, தூணி மூன்றும் ஏறக்குறைய மறைந்தன. களஞ்சியக் கணக்குக்கு வெளியே அவற்றுக்கு வேலை இருக்கவில்லை. நடுவில் இருந்த ஆழாக்கு மட்டும் அடுக்களையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. காரணம் எளிது. சோறு வடிப்பதும் இட்லிக்கு ஊறப்போடுவதும் கனஅளவில் நடக்கிற காரியங்கள். ஓர் ஆழாக்கு அரிசிக்கு இத்தனை ஆழாக்குத் தண்ணீர், நாலு ஆழாக்கு அரிசிக்கு ஓர் ஆழாக்கு உளுந்து என்பதில் தராசுக்கு இடமில்லை. ஆழாக்கு இல்லாத வீட்டில் டம்ளர் அந்த இடத்தில் உட்கார்ந்தது. கிலோ அடுக்களைக்குள் மளிகைப் பொட்டலத்தின் மேல் அச்சிட்ட எண்ணாக மட்டுமே நுழைந்தது. வீசை எடுத்தலளவை, நாற்பது பலம், இன்றைய கணக்கில் சுமார் 1.4 கிலோ. அதன் வேலை முழுக்கக் கடையில்தான். கடைக்காரர் கல்லை மாற்றியதும் வீசை போயிற்று. வெறும் எட்டுப் பத்து ஆண்டுகளில் ஒரு சொல் இவ்வளவு சுத்தமாகத் துடைபட்டதற்குத் தமிழில் வேறு உதாரணங்கள் தேட வேண்டியிருக்கும்.

நெல் அளப்பதோடு ஒரு பேச்சு முறையும் இருந்தது. களத்தில் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ணமாட்டார்கள். ‘லாபம்’ என்று சொல்லிப் போடுவார்கள். அடுத்தது ரெண்டு, மூணு என்று போகும். அளப்பவர் தாளம் தப்பாமல் எண்ணிக்கையை இழுத்துச் சொல்ல, எதிரே நிற்பவரும் மனசுக்குள் சேர்ந்து எண்ணுவார். தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பது முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டிய விஷயம். தலைதட்டிய மரக்காலுக்கும் கோபுரமாய்க் குவித்த மரக்காலுக்கும் இடையிலிருந்த நெல், ஒரு குடும்பத்தின் ஒருவேளைச் சாப்பாடாக இருக்கலாம். அளவைச் சொற்களின் மேல் இருக்கும் ஏக்கம் உண்மையில் இந்தக் காட்சியின் மேல் இருக்கிற ஏக்கம் என்றே நினைக்கிறேன்: கண்ணெதிரே, வாய்விட்டு எண்ணி, கையால் அளந்து கொடுத்தது. மின்தராசின் சிவப்பு எண்களோடு யாரும் பேச முடியாது.

ஆனால் அந்தக் கை யாருடைய கை?

இந்த இடத்தில்தான் ஏக்கக் கட்டுரைகள் வழக்கமாக நழுவிவிடும். மரக்கால் மிராசுதாரின் சொத்து. வாங்க ஒன்றும் கொடுக்க ஒன்றுமாக வைத்திருந்த கள்ளமரக்கால் தஞ்சைப் பக்கத்தில் கட்டுக்கதை அல்ல. 1940களில் பி. சீனிவாச ராவ் வழிநடத்திய விவசாயத் தொழிலாளர் இயக்கம், தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிய வேண்டும் என்று கேட்டபோது, முத்திரை மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்றும் சேர்த்தே கேட்டது. உடம்பின் மேல் விழும் அடியும் மரக்காலுக்குள் குறையும் நெல்லும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் நின்றன. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். அதற்கு முன் நடந்த கூலிப் போராட்டம் இன்றுவரை அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட போராட்டமாகவே அந்தப் பகுதியின் நினைவில் இருக்கிறது. ரூபாய்க்கு ஒரு படி அரிசி பட்டணத்தில் கிடைக்கத் தொடங்கி ஓராண்டு சொச்சம்தான் ஆகியிருந்தது. படி என்ற ஒரே சொல் அந்த இரண்டு ஆண்டுகளில் தமிழ்நாட்டில் இத்தனை பாரம் சுமந்திருக்கிறது. அந்தச் சொல்லை இழந்ததற்காக மட்டும் வருந்தச் சொன்னால் எனக்கு ஒத்துவரவில்லை. எவருடைய வீட்டிலும் ஒரே அளவாக இருக்கும் கிலோவுக்கு, அதன் அத்தனை வறட்சியோடும், நான் ஓட்டுப்போடுவேன்.

அளவையை ஒன்றாக்கும் ஆசை புதிதும் அல்ல. ராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் நெல் அளக்க ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலையும், பொன் நிறுக்க அதே பெயருள்ள கல்லையும், நகைமணிகளை நிறுக்க ‘தட்சிணமேருவிடங்கன்’ என்னும் கல்லையும் நிறுவியதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. இறைவன் பெயரை மரக்காலுக்கு வைப்பது பக்தி மட்டுமாக இருந்திருக்காது. ஊருக்கு ஊர் மாறும் மரக்கால்களுக்கு நடுவே, இதில் கைவைக்காதே என்று சொல்வதற்கு அதைவிடப் பெரிய முத்திரை அன்று இல்லை.

போன சொற்களைவிட எனக்கு வியப்பாக இருப்பவை மிஞ்சிய சில சொற்கள், அவை மிஞ்சிய விதம். தம்பிடி ரூபாயில் 192இல் ஒரு பங்கு. அந்தக் காசைக் கையில் வாங்கியவர்கள் இன்று மிகச் சிலரே இருப்பார்கள். ஆனாலும் ‘ஒரு தம்பிடி தரமாட்டேன்’ என்பது பேச்சில் இருக்கிறது. சல்லிக்காசு இல்லை. காலணாவுக்குப் பிரயோசனமில்லை. குண்டுமணித் தங்கம்கூட இல்லை. இம்மியும் நகரமாட்டான். நயா பைசா கிடையாது. இந்தச் சொற்களில் எதையும் ‘உண்டு’ என்ற வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள், நிற்காது. ‘என்னிடம் மூன்று தம்பிடி இருக்கிறது’ என்று இன்று எவரும் சொல்ல முடியாது. மிகச் சிறிய அளவைகள் தங்கள் எண் மதிப்பை இழந்து, இல்லை என்ற சொல்லுக்குத் துணையாக ஒட்டிக்கொண்டு பிழைத்திருக்கின்றன. இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பிரெஞ்சில் ‘ஓரடிகூட’ என்ற பொருளில் எதிர்மறைக்குப் பின்னால் நின்ற ‘பா’ என்ற சொல், நாளடைவில் எதிர்மறைச் சொல்லாகவே ஆகிவிட்டது.

நயா பைசாவின் கதை இதில் தனி. நயா என்றால் புதிய. பழைய பைசாவிலிருந்து பிரித்துக் காட்ட 1957இல் ஒட்டிய முன்னொட்டு அது; 1964 ஜூன் 1ஆம் தேதி அரசே அதை எடுத்துவிட்டது. அதிகாரப்பூர்வமாக அது வாழ்ந்தது ஏழு ஆண்டுகள். அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகளாக, கையில் ஒன்றுமில்லை என்பதைச் சொல்ல நமக்குக் கிடைத்த ஆக நல்ல சொல்லாக அது நிலைத்திருக்கிறது. அதே வாக்கியத்தில் வெறும் ‘பைசா’ என்று போட்டால் பாதி உறைப்பு போய்விடும்.

வேறு சில நாணயப் பெயர்கள் பிழைத்தது வேறு வழியில். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரூபாய் வந்து மூன்றையும் தள்ளியது. வராகன் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. காசும் பணமும் தங்கள் எண்களை உதறிவிட்டு, செல்வம் முழுவதற்குமான பொதுப்பெயர்களாக வளர்ந்தன. எண்பதில் ஒரு பங்கு என்று இருந்த காசுக்கும் அதைப்போல் எண்பது மடங்காக இருந்த பணத்துக்கும் இன்று ‘காசு பணம்’ என்று சொல்லும்போது மதிப்பில் வேறுபாடே இல்லை. இந்த மாற்றத்தை எண்ணி யாரும் ஏங்கியதாகக் கேள்விப்பட்டதில்லை. ஒரு சொல் வாயில் இருக்கிறவரை அதன் பொருள் எவ்வளவு மாறினாலும் நமக்கு உறைப்பதில்லை போலும்.

இலங்கையில் கணக்கு வேறு மாதிரி விழுந்தது. அங்கே 1872இலேயே ரூபாய்க்கு நூறு சதம் என்றாகிவிட்டதால் அணா அவர்கள் ஏக்கத்திலும் இல்லை, வசவிலும் இல்லை. நாம் காலணாவுக்குப் பெறாதவன் என்கிற ஆளை யாழ்ப்பாணத்தில் ‘ஐஞ்சு சதத்துக்குப் பிரயோசனமில்லாதவன்’ என்பார்கள். ஆனால் நாம் மறந்த ராத்தல் அங்கே பேக்கரியில் பிழைத்துக்கொண்டது. 450 கிராம் ரொட்டியை இன்றும் ஒரு இறாத்தல் பாண் என்றுதான் கேட்கிறார்கள். பாண் போர்த்துக்கேயர் கொடுத்தது, இறாத்தல் அரபிலிருந்து வந்தது, கிராம் பிரெஞ்சு, வாங்குகிறவர் தமிழர். நிலத்துக்குப் பரப்பு நிற்கிறது. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். இங்கேயும் நிலம்தான் பழைய சொற்களை இறுகப் பிடித்திருக்கிறது. காவிரிப் படுகையில் மூணு மா நிலம் என்றால் ஏக்கராக மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இருபதில் ஒன்று என்ற பின்னப் பொருள் மறந்துபோனாலும், இருபது மா ஒரு வேலி என்ற கணக்கில் அது உயிரோடு இருக்கிறது. கிரயப் பத்திரங்கள் தலைமுறை தாண்டி நிற்பவை, வரப்புகளும் அப்படியே. கடைக்காரர் கல்லை மாற்றுவதுபோல் வயலை மாற்ற முடியாது.

சட்டம் எட்டாத இன்னொரு இடம் பூக்கடை. மல்லிகை இன்றும் முழக்கணக்கில் விற்கிறது, அதுவும் விற்பவரின் முழங்கையால். குட்டைக் கைக்காரரிடம் வாங்காதே என்ற முன்னெச்சரிக்கையோடு நாமும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறோம். தங்கம் கிராமில் நிறுத்தாலும், தினமும் காலையில் செய்தியாவது சவரன் விலை. எட்டுக் கிராமுக்குக் கொஞ்சமே குறைவான பிரிட்டிஷ் காசின் பெயர், எட்டுக் கிராம் என்று முழுமையாகி, அந்தக் காசை நேரில் கண்டிராத மணப்பெண்களின் பேச்சில் நிற்கிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துவைப்பவர்களும் இருக்கிறார்கள். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களையும் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொற்களையும் அகராதியாக்கினார்கள். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, புழக்கம் குறையும் சொற்களுக்கு ‘அருகிவரும் வழக்கு’ என்று குறிப்பிட்டது; சாகிற சொல்லுக்கு எழுதிய நாகரிகமான மருத்துவக் குறிப்பு அது. 2019இல் ஒருங்குறியின் பன்னிரண்டாம் பதிப்பில் முந்திரி முதலான பின்னக் குறிகளும், ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு, காசு, வராகன் ஆகியவற்றின் குறிகளுமாக 51 எழுத்துகளைத் தமிழுக்கெனச் சேர்த்தார்கள். பழைய ஆவணங்களைக் கணினியில் ஏற்றுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. மற்றவர்களுக்கு ஒன்றும் மாறவில்லை. பதக்குக்குக் கணினியில் இடம் கிடைத்ததால் எவரும் பதக்கு நெல் வாங்கப் போவதில்லை.

கடைசியாக ஒரு சொல். யாரும் ஏங்காத சொல், ஏனென்றால் அது எங்கும் போகவில்லை. ஒரு பைசா, இரண்டு பைசா, மூன்று பைசா நாணயங்கள் செல்லாமல் போய்ப் பல ஆண்டுகளாயிற்று. எட்டணாவைப் பிச்சைக்காரர்கூட வாங்குவதில்லை. ஆனால் தமிழ்நாட்டில் அவசரத்துக்குக் கடன் கேட்டுப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, எத்தனை பைசா வட்டி என்பதுதான். ரூபாய்க்கு மாதம் இரண்டு பைசா என்பது இரண்டு பைசா வட்டி. ஆள் தெரிந்தவராக இருந்தால் ஒன்றரைக்கும் படியும். அரைப் பைசாவுக்கு இந்த நாட்டில் எந்தக் காலத்திலும் ஒரு தசம நாணயம் அச்சானதில்லை. ஒரு லட்சம் வாங்கியவர் அந்த அரைப் பைசாவைக் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் கெஞ்சுவார். குறைந்தால் அவருக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் மிச்சம்.